அடித்தவனுக்கு முதல் பந்தி

கடலையே பார்த்திராத கரிசல் பூமியில் ஓர் ஆசிரமம். அதன் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரோரம் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர், கடல் மீன்கள். வெளிநாட்டுக்குக் குடிபோன பக்தர் ஒருவர், "பார்த்துக்கோங்க" என்று ஒரே வார்த்தையில் தலையில் கட்டிவிட்டுப் போனது. கரிசல் காட்டில் கடல் மீனா என்று கேலி செய்தவர்களும் அதன் முன்னால் வந்தால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

தொட்டியில் இப்போது மிச்சம் இரண்டு. இரண்டுமே மற்ற மீனைத் தின்னும் இனம். ஒன்று கிளாத்தி. தடித்த உதடு, உளி மாதிரிப் பல், எதையும் கடித்துப் பார்க்கும் புத்தி. இன்னொன்று சிங்கமீன். உடம்பெல்லாம் வரி, விரித்துப் போட்ட நீளத் துடுப்புகள், எதற்கும் அவசரப்படாத சுபாவம்.

இரை போடும் பொறுப்பு சிங்காரவேலுவுக்கு. அறுபதைத் தாண்டியவர். ஆசிரமத்துக்கு வருமுன் கல்யாண வீடுகளில் பந்தி விசாரித்தவர். அவருடைய குரு அவரைவிட வயதில் சின்னவர்; ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மா.

அந்த ஆசிரமத்துப் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகளுக்கும் முடியாதவர்களுக்கும் முதல் இலை. இடித்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கடைசி இலை. சிங்காரவேலுவுக்கு உயிரான வழக்கம் அது. அதையே தொட்டிக்கும் கொண்டுவந்தார். அங்கேதான் வினை வந்தது.

நீண்ட இடுக்கியில் இறால் துண்டைப் பிடித்து முதலில் சிங்கமீனுக்கு நீட்டுவார். அது யோசித்து வாயைத் திறப்பதற்குள் கிளாத்தி பாய்ந்து வந்து பிடுங்கிவிடும். பிடுங்கியதோடு விடாமல் சிங்கமீனின் துடுப்பையும் ஒரு கடி கடிக்கும்.

"பிடுங்கித் தின்னியா? இனி உனக்குப் பட்டினிதான்" என்று மூடியைச் சாத்திவிடுவார். மறுநாள் கிளாத்தி அந்தப் பசியில் இன்னும் வேகமாகப் பாயும், இன்னும் அழுத்திக் கடிக்கும்.

சிங்கமீன் கல்லிடுக்கை விட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டது. துடுப்பெல்லாம் கந்தல். வயிறு ஒட்டிவிட்டது. சிங்காரவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் அம்மாவிடம் போய் நின்றார்.

"செத்துரும் போலிருக்கும்மா."

"எது?"

"சிங்கமீன். பாவம், சாது. யார் வம்புக்கும் போகாது."

"சின்னதா ஒரு நீல மீன் இருந்துச்சே, அது எங்கே ஐயா?"

சிங்காரவேலு தலையைச் சொறிந்தார். "அதை… இந்தச் சிங்கமீன்தாம்மா முழுங்கிருச்சு."

"சாதுவா?"

"சாதுதாம்மா. இல்லை… எனக்கே ஒண்ணும் புரியலை."

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. பந்தியில் யார் பசித்தவர், யார் பந்தாவுக்கு உட்கார்ந்தவர் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். இந்த மீன்களின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அம்மா எழுந்து வந்தார். இறால் கிண்ணத்தைக் கிளறி, ஓடு உரிக்காத இறாலாகப் பார்த்து ஒன்றை இடுக்கியில் எடுத்தார். சிங்கமீன் பதுங்கியிருந்த பக்கம் போகவில்லை. தொட்டியின் மறுகோடிக்குப் போய் நீட்டினார்.

கிளாத்தி பாய்ந்து வந்து கவ்வியது.

"அம்மா, அது கிளாத்தி!"

"தெரியுது."

"அதுக்கா முதல்ல?"

அம்மா இன்னொரு முழு இறாலையும் அதன் பக்கத்திலேயே போட்டார்.

சிங்காரவேலுவுக்குப் பொறுக்கவில்லை. "அடிச்சவனுக்கு முதல் பந்தியா? அப்போ நம்ம வழக்கம் என்னம்மா ஆகும்? நாளைக்குக் கூடத்துலயும் இடிச்சுக்கிட்டு வர்றவனுக்குத்தான் முதல் இலைன்னு சொல்வீங்களா?"

"கூடத்துல நோயாளிக்குப் போட்ட இலையை யாராவது பிடுங்குறாங்களா?"

"பிடுங்க விடுவேனா? பக்கத்துலயே நிப்பேனே!"

"இங்கே?"

"இங்கேயும் நான்தானே…" என்று ஆரம்பித்தவர், கண்ணாடிக்கு வெளியே நிற்கும் தன்னைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

உள்ளே கிளாத்தி இறாலின் ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

"இப்போ நீங்க அந்தக் கோடிக்குப் போங்க. மெதுவா" என்று அம்மா இன்னொரு இடுக்கியை நீட்டினார்.

சிங்காரவேலு போனார். உரித்த துண்டைக் கல்லிடுக்கின் வாசலில் நீட்டி லேசாக ஆட்டினார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சிங்கமீன் பாதி உடம்பை வெளியே நீட்டியது, பார்த்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. வாய் திறந்ததுதான் தெரியும், துண்டைக் காணோம்.

இன்னொரு துண்டு. அதையும் தின்றது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிழைத்துக்கொள்ளும் என்று சந்தோஷம். ஆனால் மறுகோடியில் கிளாத்தி நிம்மதியாக மென்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. இரண்டில் எது தன் மனசு என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"அம்மா, இது சாப்பிட்டது சரி. ஆனா இதை இப்படிக் கந்தலாக்கினவன் அவன். அதுக்கு ஒரு தண்டனை வேண்டாமா?"

"அதான் தினமும் கொடுத்துக்கிட்டு இருந்தீங்களே."

"நானா?"

"பட்டினி போட்டீங்களே."

"ஆமா. அவனைத்தானே போட்டேன்?"

அம்மா சிங்கமீனின் கிழிந்த துடுப்பைக் காட்டினார்.

"அந்தத் தண்டனை விழுந்தது எங்கேன்னு பாருங்க ஐயா."