சால்வைக்கு நெருப்பு வைத்த சடைச்சி

மஞ்சாடி நாடு என்று ஒரு நாடு இருந்த அந்த நாளில், கொற்றவேலர் என்று ஒரு ராஜா அதை ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் அவருக்குத் தம் படத்தைத் தலைக்கு மேலே பார்க்க ஆசை வந்துவிட்டது. சித்திர மண்டபத்து விதானம் முழுக்க, தாம் யானைமேல் பவனி போவதாக எழுதவைத்தார். எழுதி முடித்த கையோடு, "இங்கே புகைகிற விளக்கு எதுவும் எரியக்கூடாது. இங்கே வருகிற எந்தப் பொருளும் தாழம்பூ அத்தர் மணக்கவேண்டும்" என்று இரண்டு உத்தரவும் போட்டார்.

புகையாத விளக்குக்கு எங்கே போவது? சடைச்சி என்றொருத்தி, அரண்மனை வைத்தியருக்கு மருந்து ஊறப்போட வடிசாராயம் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கரும்புச்சாற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்து, அதை மறுபடியும் காய்ச்சி வடிப்பாள். அதை விளக்கில் ஊற்றிக் கொளுத்தினால் நீலமாக எரியும், புகை துளியும் வராது. ராஜா மகிழ்ந்துபோய், சபை நடுவே தம் கையாலேயே அவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

வினை அங்கேதான் பிடித்தது. பண்டகசாலை அதிகாரி நாகலிங்கனாருக்கு இருபது வருஷ ஊழியத்தில் ராஜா கையால் ஒரு பாக்குத்தூள்கூடக் கிடைத்ததில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்? சடைச்சியின் சாராயம் அவரிடம் வந்து, அத்தர் கலந்து, அவர் முத்திரையோடுதான் மண்டபத்துக்குப் போகும். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு கப்பல்காரர்கள் கொண்டுவந்த, வடித்துத் தெளியவைத்த மண்ணெண்ணெயை ஒரு குடுவையில் ஊற்றி, அத்தரைத் தாராளமாக விட்டு, முத்திரை வைத்து அனுப்பிவிட்டார். பார்த்தால் தண்ணீர், மோந்தால் தாழம்பூ.

மறுநாள் காலை ராஜா அண்ணாந்து பார்த்தார். யானை கறுப்பாக இருந்தது சரி. மேலே உட்கார்ந்திருந்த ராஜாவும் அதே கறுப்பாக இருந்தார்.

சடைச்சியையும் நாகலிங்கனாரையும் மண்டபத்துக்கே வரவழைத்தார். "சடைச்சி! இன்று பொழுது சாய்வதற்குள் உன் அடுப்பை இடித்துப் போட்டுவிட்டு நாட்டைவிட்டே போய்விடு!"

அந்த அடுப்பையும் செப்புப் பானையையும் விட்டால் சடைச்சிக்கு உலகத்தில் வேறு பிழைப்புக் கிடையாது. அவள் பக்கத்துத் தூணில் படிந்திருந்த கரியை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். அவள் சாராயம் ஒருநாளும் இப்படிக் கரி கக்கியதில்லை. இது எண்ணெய்க் கரி என்று அவளுக்குச் சட்டென்று விளங்கியது.

"மகாராஜா, ஐயாவிடம் ஒன்று கேட்டுக்கொள்ளலாமா?" என்று நாகலிங்கனார் பக்கம் திரும்பினாள். "ஐயா, நான் கொடுத்தது சாராயம்தானா என்று பார்த்துத்தானே வாங்கினீர்கள்?"

நாகலிங்கனார் மீசையைத் தடவிக்கொண்டார். "பார்க்காமல் முத்திரை வைக்க நான் என்ன நேற்று வந்தவனா? தண்ணீரில் விட்டுக் கலக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன். சாராயம்தான், மகாராஜா. ஆனால் மட்டமான சாராயம். அதனால்தான் புகைந்தது."

"மட்டமோ உசத்தியோ, சாராயம் என்று ஐயாவே சொல்லிவிட்டார். போதும். சாராயத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்துக் கொளுத்தினால், தீ எரியும், துணி எரியாது. ஐயா தலைப்பாகையைக் கொஞ்சம் கொடுத்தால் காட்டிவிடுகிறேன்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "முதலில் என் சால்வை! உன் அடுப்படியிலிருந்து புதுச் சாராயம் கொண்டுவரச் சொல்கிறேன். சால்வை கருகினால் நாடுகடத்தல் இல்லை, சிறைதான்!"

நெருப்பில் துணி எரியாமல் இருக்குமா, பைத்தியக்காரி தானாகவே மாட்டிக்கொண்டாள் என்று நாகலிங்கனாருக்கு உள்ளே குளிர்ந்தது. "என் தலைப்பாகையும் தருகிறேன், தாராளமாக" என்று அவிழ்த்து வைத்தார்.

எல்லாரும் முற்றத்துக்கு வந்தார்கள். சடைச்சி புதுச் சாராயத்தில் சமமாகத் தண்ணீர் கலந்தாள். இரண்டும் ஒன்றாகிவிட்டன. சால்வையை நனைத்துப் பிழிந்து, நீண்ட இடுக்கியால் தூக்கிப் பிடித்துக் கொளுத்தினாள். குப்பென்று பற்றியது. ராஜா பதறி எழுந்தேவிட்டார். சிறிது நேரத்தில் தீ தானே அடங்கியது. தொட்டுப் பார்த்தார்கள். சால்வை ஈரமாக, வெதுவெதுப்பாக, ஓர் இழைகூடக் கருகாமல் இருந்தது.

அடுத்து, மண்டபத்தில் மிச்சத்தோடு இருந்த, நாகலிங்கனாரின் முத்திரை வைத்த குடுவை. அதையும் தண்ணீரில் ஊற்றிக் கலக்கினாள். கலக்குவதை நிறுத்தியதும் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பிரிந்து நின்றுகொண்டன. தலைப்பாகையை மேலே நின்றதில் மட்டும் நனைத்துக் கொளுத்தினாள். மஞ்சள் தீயும் கரும்புகையுமாக அது முழுக்க எரிந்து சாம்பலாகியது.

இன்றைய பள்ளிப் பிள்ளைகள் காரணத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். மண்ணெண்ணெய் முழுக்க ஹைட்ரோகார்பன்கள். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. தண்ணீரோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கார்பன் மிகுதி, அது முழுக்க எரியக் காற்றுப் போதாமல் மிஞ்சுவதுதான் கரி. சாராயத்தில் இருக்கும் எத்தனாலோ ஆல்கஹால் வகை. அதில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி ஒன்று உண்டு. அதுதான் தண்ணீரைக் கண்டால் கைகோத்துக்கொள்ளும். கூட இருக்கும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்வதால் துணி தப்பிக்கிறது. சடைச்சிக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. எது எதோடு சேரும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"தண்ணீரில் கலக்கிப் பார்த்து வாங்கினேன் என்றீரே, நாகலிங்கனாரே?" என்றார் ராஜா.

நாகலிங்கனார் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். மண்டபத்தில் சாரம் கட்டி ஏறி, விதானத்துக் கரி முழுவதையும் தம் கையாலேயே துடைக்கவேண்டும் என்று அவருக்குத் தண்டனை ஆயிற்று. பண்டகசாலைச் சாவி சடைச்சி கைக்குப் போயிற்று, சால்வை அவள் தோளுக்குப் போயிற்று.

ராஜாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. விசாரிக்காமல் ஒருத்தியின் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. "சடைச்சி, எனக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பவர் கருகிவிடுகிறார். இனி அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துதான் தீர்ப்புச் சொல்லப்போகிறேன்" என்றார்.

சடைச்சி ராஜாவை மேலும் கீழும் ஒருமுறை அளந்து பார்த்தாள்.

"பாதி போதுமா, மகாராஜா?"

முதலில் சிரித்தவர் ராஜாதான்.