யாளிக் கோட்டையின் சுவர்

கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கல்லூரி. அங்கே சுடலைமணி, ஜெபஸ்டின், காஜா என்று மூன்று நண்பர்கள். மூவருக்கும் மூளை இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. நிறையவே இருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்து முடிப்பதற்குள் அது தீர்ந்துபோய்விடும், அவ்வளவுதான்.

இவர்கள் சேர்ந்து 'யாளிக் கோட்டை' என்று ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்தார்கள். ஒரு வீரன் காடு தாண்டி, குகை தாண்டி, கோட்டைக்குள் புகுந்து யாளியை வென்று மாணிக்கத்தைக் கொண்டுவர வேண்டும். கதை எழுதியவள் எழிலரசி. துறையில் மல்லுக்கட்டி கேம் மன்றம் ஆரம்பித்தவளும் அவளே. எழிலுக்கு வாதம் என்பது சாப்பாடு மாதிரி. ஒருவேளை தப்பினால் தலை சுற்றும்.

"கல்லூரி விழாவுக்கு வர்ற நடுவர் உங்க கேமை விளையாடிட்டு நல்லாருக்குன்னு சொல்லணும்மா. இல்லேன்னா மன்றத்தை மூடிட்டு அந்த ரூம்ல கேரம்போர்டு போட்டுருவேன்" என்றார் துறைத்தலைவர்.

"சொல்லத்தான் போறாங்க சார், நீங்களே பாருங்க!" என்று சொல்லிவிட்டு வந்தாள் எழில். வந்த பிறகுதான் கேமை விளையாடிப் பார்த்தாள்.

குறை மட்டும் சொன்னால் பாவம். அதில் பெய்த மழையைப் பார்த்தால் துண்டெடுத்துத் தலை துவட்டத் தோன்றும். யாளி உறுமுவதற்கு ஜெபஸ்டினுடைய அப்பாவின் குறட்டையைப் பதிவுசெய்து போட்டிருந்தார்கள். எழிலுக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் குகை?

"என்னடா இது, கல்யாண மண்டபம் மாதிரி பளபளன்னு? குகைன்னா இருட்டா இருக்க வேண்டாமா?"

மறுநாள் இருட்டாக இருந்தது. திரை முழுக்க ஒரே கருப்பு. குகை எது, வீரன் எது என்று தெரியவில்லை.

"ஒரு தீப்பந்தமாவது வைங்கடா!"

வைத்தார்கள். அப்போதும் கருப்புதான்.

"எங்கடா பந்தம்?"

"குகையோட கடைசியில" என்றான் காஜா.

"கடைசியிலயா? வாசல்ல வெச்சா எடுத்துட்டுப் போவான்ல!"

"வாசல்லதான் வெயிலடிக்குதே எழில். அங்க எதுக்குப் பந்தம்? இருட்டு ஜாஸ்தியா இருக்கிற இடத்துலதானே வைக்கணும்?"

வாதத்தில் எழில் தோற்றது அதுதான் முதல் தடவை. அந்த ஆத்திரத்தில் அவளே உட்கார்ந்து பந்தத்தை வாசலுக்கு மாற்றி, குகையைத் தாண்டிக் கோட்டைக்கு வந்தாள். வீரன் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கருங்கல் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனான்.

"இதை ஒருதடவையாவது விளையாடிப் பார்த்தீங்களாடா? வீரனுக்குச் சுவர் எது, வாசல் எதுன்னு தெரிய வேண்டாமா? விழாவுக்குள்ள சரி பண்ணுங்க!" என்று கத்திவிட்டு அவள் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள்.

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"அது சுவர்னு அவனுக்கு யாராவது சொன்னோமா?" என்றான் சுடலைமணி.

"சொல்லலையே."

"சொல்லாம எப்படித் தெரியும், பாவம்?"

சுவரில் ஒரு பலகை மாட்டினார்கள்: 'இது சுவர். இதன் வழியே வரக் கூடாது.' வீரன் பலகையோடு சேர்த்துச் சுவருக்குள் புகுந்து போனான்.

"திமிரு பிடிச்சவன்" என்றான் காஜா.

"சேச்சே, பார்த்தா அப்படித் தெரியல" என்றான் ஜெபஸ்டின். "காட்டுல வளர்ந்தவன்னு எழில்தானே எழுதியிருக்கா? எழுத்து தெரியாதுடா அவனுக்கு."

மூவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். இவ்வளவு நாள் இது தோன்றாமல் போயிற்றே!

விழா வந்தது. நடுவர் மீனலோசனி அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேமைத் தொடங்கினார். பக்கத்தில் துறைத்தலைவர். பின்னால் நகம் கடித்தபடி எழில், அவளோடு மூவரும்.

வீரன் வாளை உறையில் போட்டுவிட்டு, சிலேட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான். அவன் உட்கார்ந்த பெஞ்சிலேயே, வாலை மடக்கிக்கொண்டு யாளி உட்கார்ந்திருந்தது.

"யாளி எதுக்குடா இங்க?" என்று பல்லைக் கடித்தாள் எழில்.

"அதுவும் சுவருக்குள்ள போகுது எழில்" என்றான் காஜா.

நடுவர் வீரனுக்காக அ, ஆ எழுதினார். யாளிக்கு 'ஊ' வரவில்லை. அதற்கும் எழுதிக் காட்டினார். படிப்பு முடிந்து கோட்டைக்கு வந்தவர், பலகையைப் படித்துவிட்டு வீரனைப் பயபக்தியோடு வாசல் பக்கம் திருப்பினார்.

"பார்த்தியா, படிச்சதும் திருந்திட்டான்!" என்று சுடலைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இப்போ யாளியை அடிக்கணுமா தம்பி?" என்று கேட்டார் நடுவர்.

"ஒரே பெஞ்சுல படிச்சவங்க மேடம். எப்படி அடிச்சுக்குவாங்க?" என்றான் ஜெபஸ்டின்.

யாளியே மாணிக்கத்தை எடுத்து நீட்டியது. நடுவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து கழன்று விழுந்தது. "மன்றத்தை மூடிராதீங்க சார். முதல் பரிசு இதுக்குத்தான்" என்றார்.

சாயங்காலம் பரிசளிப்பு. எழில் முன்னாடியே மேடையேறி நின்றாள். மைக்கில் மூவர் பெயரையும் கூப்பிட்டார்கள். ஆளைக் காணோம். மறுபடி கூப்பிட்டார்கள். வெளியே தொம், தொம், தொம் என்று சத்தம் கேட்டது. எழில் இறங்கி ஓடினாள்.

அரங்கத்துச் சுவரோரம் மூவரும் நெற்றியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடா பண்றீங்க?"

"வாசல்ல பலகை மாட்டியிருக்கு எழில், அனுமதியில்லாம வரக் கூடாதுன்னு. சுவத்துல ஒண்ணும் எழுதல. அதான் இப்படி வந்தோம்" என்றான் சுடலைமணி.

ஜெபஸ்டின் சுவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"இதைக் கட்டினவங்க ஒருதடவைகூட விளையாடிப் பார்க்கல போல."