குடம் உடையும் வரை வரியில்லை

முன்னொரு காலத்து நாடு ஒன்றில், அரசர் நீடிக்கலாமா கூடாதா என்பதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிகளே முடிவு செய்வார்கள். மண்குடத்தில் ஓலை போட்டு, வாயைக் கட்டி, கடைசியில் குடத்தை உடைத்து எண்ணுவது வழக்கம்.

ஓலை நாள் நெருங்கினால் போதும், அரசருக்குக் கருணை பொங்கிவிடும். அமைச்சர் விழுப்பரையர் வரியை நீக்குவார், சந்தை களைகட்டும். குடம் உடைந்த மறுநாளே இரட்டை வரி விழும். வாங்கியவர்கள் எல்லாம் விற்கத் தொடங்குவார்கள். அரசவை விகடர் வெண்காடரின் மனைவி நாச்சி செக்கு ஓட்டுபவள். ஓலைக்கு முன் இரண்டாவது மாடு வாங்குவாள், பின் அழுதுகொண்டே விற்பாள்.

இந்த முறையும் பறை அறைந்தார்கள். "குடம் உடையும் வரை எவருக்கும் வரி இல்லை! இது அரச ஆணை!"

"மூணு தடவ வித்தாச்சு. இன்னொரு மாட்ட அவுத்துக் குடுக்க எனக்குத் தெம்பில்ல," என்றாள் நாச்சி.

வெண்காடருக்குச் சுருக்கென்றது. "வாங்கு. இந்த மாடு நம்ம வீட்ட விட்டுப் போகாது."

வெண்காடரைக் கண்டாலே விழுப்பரையருக்கு ஆகாது. குடம் கொண்டுவரும் வேலையை வேண்டுமென்றே அவர் தலையில் கட்டினார். "எண்ணும் முன் குடத்தில் ஒரு விரிசல் கண்டாலும் உம் தலை தப்பாது!"

எண்ணும் நாளில் அமைச்சரே உலக்கையை ஓங்கினார். டங்! மறுபடியும் டங்! உலக்கைதான் இரண்டாகப் போயிற்று. பூசியிருந்த செம்மண் உதிர, உள்ளே செப்புக் குடம் பளபளத்தது.

"அரசே, இது துரோகம்!" என்று கத்தினார் அமைச்சர்.

"விரிசல் விட்டால் தலை போகும் என்றீர்கள். விடாத குடமாகப் பார்த்துக் கொண்டுவந்தேன்," என்ற வெண்காடர், குடத்தின் வாய்க்கட்டை அவிழ்த்து ஓலைகளைக் கவிழ்த்தார். எண்ணினார்கள். "அரசே, வெற்றி தங்களுக்கே. ஆனால் குடம் உடையவில்லை. ஆணைப்படி வரியும் இல்லை."

அரசர் முகம் சிவந்தது. "வரியில்லாமல் அரண்மனையில் அடுப்பு எரியுமா? உம் தலையை வாங்கிவிடுவேன்!"

"வாங்குங்கள். அப்போதும் குடம் உடையாது. ஓலைக்கு முன் எங்களை ஏற்றிவிட்டு, பின் தள்ளிவிட்டது போதும் அரசே! ஐந்தாண்டும் பழைய ஒற்றை வரியே என்று முத்திரை இடுங்கள். இப்போதே ஒரு மண்குடத்தில் ஓலைகளைப் போட்டு என் கையாலேயே உடைக்கிறேன்."

அரசர் விகடரைப் பார்த்தார். பாதி உலக்கையோடு நின்ற அமைச்சரைப் பார்த்தார். மகுடம் சரியச் சரியச் சிரித்துவிட்டு முத்திரை இட்டார்.

"பரிசாக என்ன வேண்டும்?"

"அந்தக் குடம்தான். சொல்லாமல் எடுத்து வந்தேன், வீட்டில் தேடுவாள்."

குடம் நிறையப் பொன்னோடு வீடு வந்தது. நாச்சி பொன்னை முறத்தில் கொட்டிவிட்டு, குடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"என் எண்ணெய்க் குடத்த இப்படி நெளிச்சு வச்சிருக்கீங்களே!"

அடுத்த ஆண்டும் அவள் செக்கில் இரண்டு மாடுகள் சுற்றின.