மன்னர் வாங்கிய இருநூறு மூட்டை

எகிப்து தேசத்தில் ஹெமுரா என்று ஒரு மன்னர் இருந்தார். அப்படி ஒருவர் இருந்ததாக எந்தக் கல்லிலும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் இந்தக் கதையையும் சேர்த்து எழுத வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டார்கள்.

அவருடைய ராஜ்ஜியத்தில், நைல் நதிக்கரையில் ஒரு சிற்றூர். அங்கே ஓர் அரசாங்கக் களஞ்சியம். விதைக்கிற காலத்தில் விவசாயிகள் அங்கே வந்து கோதுமை கடன் வாங்குவார்கள். அறுவடை முடிந்ததும் பத்து மூட்டைக்குப் பதினொன்றாகத் திருப்பிக் கட்ட வேண்டும். இன்றைக்கு வங்கிகள் செய்கிற வேலைதான். அன்றைக்கு அதில் எலித் தொல்லை கொஞ்சம் அதிகம்.

களஞ்சியத்துக்குத் தலைவர் பனேபு. பழைய தலைவர் வேலையை விட்டுப் போன அன்று வாசலில் நிழலுக்கு ஒதுங்கி நின்றவர் இவர். "நீயே பார்த்துக்கொள்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். தான் ஒரு முட்டாள் என்பதில் பனேபுவுக்குச் சந்தேகமே கிடையாது. அவர் மனைவிக்கும் கிடையாது. ஊரில் அந்த விஷயம் தெரியாதவர்கள் இரண்டே பேர், ஹூயியும் மென்னாவும். அதனால்தான் அவர்களை உதவியாளர்களாக வைத்துக்கொண்டார்.

ஒரு வருஷம் நானூறு மூட்டை கடன் போனது. திரும்பி வந்தது பதினொன்று. மன்னரிடமிருந்து நாணல் சுருளில் உத்தரவு வந்தது.

"கடன் கேட்டு வருகிறவனை நன்றாக எடைபோட்டுப் பார். முகம் பார்த்துக் கடன் கொடுக்காதே. அசையாச் சொத்து உள்ளவனுக்கே கொடு. அடுத்த அறுவடைக்குள் கடன் திரும்பாவிட்டால் மூவரும் கல்லறைக் கட்டடத்துக்குக் கல் இழுக்க வர வேண்டும்."

பனேபுவுக்கு ஏற்கெனவே இடுப்புப் பிடிப்பு. வீட்டுத் தண்ணீர்க் குடத்தையே மனைவிதான் தூக்குவாள். அவர் சுருளை மூன்று தடவை படித்தார். பிறகு, "பெரிய தராசு எங்கேப்பா?" என்று கேட்டார்.

தராசு வந்தது. உடனே ஒரு சிக்கலும் வந்தது.

"கனமான ஆளுக்குக் கொடுக்கணுமா, லேசான ஆளுக்குக் கொடுக்கணுமா? அதை மன்னர் சொல்லலையே அண்ணே" என்றார் ஹூயி.

"கனமான ஆளுக்குத்தான்" என்றார் மென்னா. "அவனால ஓட முடியாது. துரத்திப் பிடிச்சுடலாம்."

"யாரு துரத்தறது?"

மூவரும் ஒருவர் தொப்பையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப ரொம்ப ரொம்பக் கனமான ஆளாப் பார்த்துக் கொடுப்போம்" என்று பனேபு தீர்ப்புச் சொன்னார். ஹூயியும் மென்னாவும் வாயைப் பிளந்து அவரைப் பார்த்தார்கள்.

மறுநாளே ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் வேட்டி மடிப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் நடக்கவே முடியாமல் வந்தான். "நல்ல கனமான ஆசாமி" என்று அவனுக்கு இருபது மூட்டை கொடுத்தார்கள்.

கல் கட்டாமல் வந்தவள் இபெத் ஒருத்திதான். கணவனை இழந்தவள், தனியாளாக நிலத்தை உழுகிறவள். தராசில் ஏறி நின்றாள். தட்டு அசையவே இல்லை.

"எடை போதலைம்மா. நல்லா சாப்பிட்டுட்டு வா" என்றார் ஹூயி.

"சாப்பாட்டுக்கு வழி இல்லாமத்தானே ஐயா கடனே கேக்கறேன்! போன வருஷம் திரும்பி வந்த பதினோரு மூட்டை யாருது? என்னுது!"

"அது போன வருஷம். அப்ப தராசு இல்ல."

இபெத் இறங்கவும் இல்லை, அழவும் இல்லை. அப்படியே நின்றாள். பனேபுவுக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாகக் காலை நீட்டி, யாரும் பார்க்காமல் தட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். தட்டு இறங்கியது. அவளுக்குப் பத்து மூட்டை கிடைத்தது. அந்த வருஷம் பனேபு செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். ஆனால் மன்னரை ஏமாற்றிவிட்டோமே என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார்.

முகம் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறதே என்பது அடுத்த வாரம்தான் நினைவுக்கு வந்தது. மூவரும் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். பின்னால் குரல் கேட்டால் மூட்டையைத் தோளுக்கு மேல் நீட்டுவார்கள். ஒரே ஆள் குரலை மாற்றி மாற்றி ஒன்பது தடவை வாங்கிப் போனான். "ம்மே" என்று ஒரு குரல் கேட்டது. "எவ்வளவு பணிவு பாருங்க அண்ணே, ஒரு வார்த்தை அதிகமாப் பேசலை" என்று உருகிப்போய் மென்னா ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டார். அந்த ஆடு அங்கேயே நின்று தின்றுவிட்டுப் போனது.

அசையாச் சொத்து விஷயத்தில் அவர்கள் ரொம்பக் கண்டிப்பு. வீடு வீடாகப் போய் மூவரும் சேர்ந்து சுவரைத் தள்ளிப் பார்த்தார்கள். மண் வீடுகள்தானே! நான்கு வீடு அசைந்தது, இரண்டு விழுந்தே விட்டது. "சொத்து சரியில்லை" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். கடைசியில் ஒரு குயவனின் கழுதையைத் தள்ளினார்கள், இழுத்தார்கள், கெஞ்சினார்கள். அது இம்மியும் நகரவில்லை. ஊரிலேயே உறுதியான அசையாச் சொத்து அதுதான் என்று முடிவாகி, அதை அடமானம் வைத்துக் குயவன் முப்பது மூட்டை வாங்கிப் போனான். மறுநாள் காலையில் குயவனைக் காணோம். கழுதையையும் காணோம்.

"அசைஞ்சிடுச்சே!" என்று ஹூயி தலையில் கை வைத்துக்கொண்டார்.

களஞ்சியத்தில் இருநூற்று முப்பது மூட்டைதான் மிச்சம். பனேபு கனவில் கல் இழுக்க ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில்தான் மன்னர் ஹெமுரா காலமானார்.

உடலுக்கு மருந்து பூசி, துணி சுற்றி, பொன் பெட்டியில் வைத்து ஊர் வழியாகக் கல்லறைக்குக் கொண்டு போனார்கள். ஊரே மாரடித்து அழுதது. மென்னா மட்டும் அழவில்லை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அண்ணே, இவருக்குக் கொடுத்தா என்ன?"

"யாருக்கு?"

"மன்னருக்கு. பொன் பெட்டியோட எடை போட்டா இந்த ஊர்லயே அவர்தான் கனம். முகத்தைத் துணி சுத்தி மூடியாச்சு, நாம பார்க்கணும்னாலும் முடியாது. கல்லறை அசையுமா?"

"அசையாது" என்றார் ஹூயி. "ஆனா கடன் வாங்கினவர் செத்துப்போயிட்டா?"

"அதான் ஏற்கெனவே செத்துட்டாரே! மத்தவங்களுக்குக் கொடுத்தா அந்தப் பயம் இருக்கு. இவர்கிட்ட இல்ல."

பனேபுவுக்கு எங்கேயோ உதைத்தது. ஆனால் தனக்குத் தோன்றுவது எப்போதும் தப்பாகத்தான் இருக்கும் என்பது அவருடைய அனுபவம். ஆகவே சரி என்றார். இருநூறு மூட்டையைக் கல்லறைக்குள் அடுக்கினார்கள். படையல் என்று நினைத்துப் பூசாரிகள் வாழ்த்தினார்கள். கதவை அடைத்துக் கல் வைத்துப் பூசினார்கள்.

அறுவடை வந்தது. இபெத் வட்டியோடு பதினொன்று கட்டினாள். அதில் ஒன்றை எலி தின்றது போக, மிச்சத்தோடு சேர்த்து மொத்தம் நாற்பது மூட்டை. அரண்மனையிலிருந்து தணிக்கை அதிகாரி வந்தார்.

"இருநூறு மூட்டை வாங்கினவர் யார்?"

"மன்னருங்க" என்றார் பனேபு.

"திருப்பிக் கேட்டீர்களா?"

"தினமும் போய்க் கல்லறைக் கதவைத் தட்டறோம். உள்ளேதான் இருக்கார். பதில்தான் சொல்ல மாட்டேங்கறார்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். மன்னர் கடனைக் கட்டவில்லை என்று எழுதினால் தன் தலை போகும். எழுதாவிட்டாலும் போகும். நேரே புது மன்னரிடம் ஓடினார். புது மன்னர் ஹெமுராவின் மகன். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"என் தகப்பனார் கடனோடு மேலுலகம் போனார் என்று யாரும் சொல்லக் கூடாது. இருநூறு மூட்டை, வட்டி இருபது. பக்கத்தில் எந்த அரசாங்கக் களஞ்சியம் இருக்கிறதோ அதிலிருந்து எடுத்து உடனே கட்டிவிடுங்கள்!"

பக்கத்தில் இருந்தது ஒரே களஞ்சியம்தான்.

மூவரும் வேலையில் இறங்கினார்கள். நாற்பது மூட்டையையும் முன்வாசல் வழியாக வெளியே தூக்கிக்கொண்டு போய், சுவரைச் சுற்றி வந்து, பின்வாசல் வழியாக உள்ளே வைத்தார்கள். "நாற்பது வசூல்" என்று அதிகாரி எழுதினார். மறுபடி தூக்கினார்கள். எண்பது. ஐந்து சுற்றில் இருநூறும் வந்து சேர்ந்தது. வட்டிக்கு அரைச் சுற்று. நாட்டிலேயே இப்படிச் சுத்தமாக வசூலான கடன் கிடையாது என்று அதிகாரி முத்திரை குத்தினார்.

பனேபு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சாய்ந்தார். "ஏம்ப்பா, இதுக்குக் கல்லே இழுத்திருக்கலாமோ?"

ஹூயி எதையோ விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "அண்ணே, இன்னும் அஞ்சரைச் சுற்று சுத்திட்டா அடுத்த வருஷ வசூலும் இன்னிக்கே முடிஞ்சிடும்."

"முதலில் கடன் கொடுத்தால்தானே வசூல்?" என்றார் அதிகாரி.

"முன்வாசல் வழியாப் போகுதே, அது கடனுங்க. பின்வாசல் வழியா வருதே, அது வசூல்."

அதிகாரி எழுதுகோலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து, ஒரு மூட்டையைத் தானே தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "ம், சீக்கிரம் நடங்கள். இருட்டுவதற்குள் ஒரு பத்து வருஷத்தை முடித்துவிடலாம்" என்றார்.