அண்ணாச்சியின் அட்டைச் செக்

ஆள் உயர அட்டையில் செக் கொடுக்கிறவனை நம்பக் கூடாது. இசக்கி நம்பவில்லை.

நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தும் பீஸ் கட்ட வழியில்லாத பெண் அவள். ஜவுளிக்கடை முதலாளி சிதம்பரநாதன் மேடை போட்டு, ஐம்பதாயிரம் ரூபாய் என்று எழுதிய பெரிய அட்டையை அவளிடம் நீட்டினார். போட்டோ எடுத்தார்கள், கைதட்டினார்கள். மேடையை விட்டு இறங்கியதுமே மேனேஜர் அட்டையைப் பிடுங்க வந்தான்.

"கொண்டா பிள்ள. பணம் உன் அக்கவுண்டுக்கு வந்துரும்."

"வரட்டும். வந்ததும் இதத் தாரேன்."

பணம் வரவில்லை. பீஸ் கட்டக் கடைசி நாளும் வந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் முண்டியடிக்கும் நேரத்தில் இசக்கி அட்டையோடு கடை வாசலில் போய் நின்றாள். முதலாளி பதறி ஓடி வந்தார்.

"என்ன பிள்ள இது?"

"உங்க தர்மத்த ஊரே பாக்கட்டும், அண்ணாச்சி. பணம் வந்துச்சான்னு கேக்கிறவங்களுக்கு மட்டும் நீங்க பதில் சொல்லிருங்க."

சேலை எடுக்க வந்தவர்கள் கேட்கவே ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி கல்லாவைத் திறந்து முழுப் பணத்தையும் கொடுத்தார்.

"இப்பவாவது அந்த அட்டையக் கொடு."

"போன வருஷம் உங்ககிட்ட செக் வாங்கின மரியசெல்வி கேட்டிருக்கா, அண்ணாச்சி. நாளைக்கு இங்க அவ நிக்கணுமாம்."