அரைக் கொத்தில் வந்த பதில்

காட்டாற்றின் நடுவே ஒரு மணல் திட்டு. அங்கே நாணல் புதருக்குள் ஒரு புள்ளிமான், பிறந்து இரண்டே நாளான தன் கன்றை ஒளித்து வைத்திருந்தது.

கரையில் செந்நாய்க் கூட்டம் திரிந்தது. திட்டில் கன்று இருப்பது அவற்றுக்குத் தெரியாது. கரையேறினால் தெரிந்துவிடும். அங்கேயே இருந்துவிடலாம் என்றால், மேலே மலையில் அணை இருந்தது. மதகைத் திறந்தால் திட்டு மூழ்கிவிடும். மலையிலோ மழை விடவில்லை.

திட்டில் நின்ற மருத மரத்தில் நெடுவாலன் என்ற குரங்கு குடியிருந்தது. வனக்காவலரின் கோபுரத்திலிருந்து அது ஒரு கைப்பேசியைத் தூக்கி வந்திருந்தது.

“பயப்படாதே தங்கச்சி! மதகு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று அணைக்காரர்கள் தினமும் ஓர் இணையப் பக்கத்தில் போடுகிறார்கள். அந்தப் பக்கத்தை எடுத்துவர இதற்குள் மூன்று உலாவிகள் இருக்கின்றன. சிவப்பு, நீலம், பச்சை. எது வேகமானது என்று பார்த்துவிடுவோம்!”

அதே மரத்து மரங்கொத்தி நேரம் எண்ண ஒப்புக்கொண்டது. டொக், டொக், டொக்!

சிவப்பு நான்கு கொத்தில் பக்கத்தைக் கொண்டுவந்தது. நீலம் ஒன்பது கொத்தில். பச்சையின் வட்டமோ சுற்றிக்கொண்டே இருந்தது. இருபதாவது கொத்தில்தான் பக்கம் வந்தது.

“எனக்கு அலகு வலிக்கிறது!” என்றது மரங்கொத்தி.

மூன்றும் ஒரே பதிலைத்தான் சொல்லின. மதகு மூடியிருக்கிறது.

“சிவப்புக்கே வெற்றி!” என்று நெடுவாலன் கிளையில் குதித்தது. மற்ற இரண்டையும் அப்போதே அழித்துவிட்டது. “தோற்றவர்களுக்கு இங்கே என்ன வேலை?”

மறுநாள் மான் கேட்டது. ஒரே கொத்தில் பதில் வந்தது. மூடியிருக்கிறது. அதற்கடுத்த நாள், மரங்கொத்தி அலகை ஓங்கும்போதே பதில் வந்துவிட்டது.

“அரைக் கொத்து! நாளுக்கு நாள் வேகம் கூடுகிறது பார்!”

ஏன் கூடுகிறது என்று எவரும் கேட்கவில்லை. முதல் நாளுக்குப் பிறகு சிவப்பு உலாவி அணைப் பக்கம் போகவே இல்லை. அன்று கொண்டுவந்த பக்கத்தை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அதையே எடுத்து நீட்டியது.

நான்காம் நாள் பிற்பகல். எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறின. ஆற்று நீர் லேசாகக் கலங்கி வந்தது. மான் மரத்தை அண்ணாந்து பார்த்தது.

“அண்ணே, இன்னொரு முறை பாருங்களேன்.”

அரைக் கொத்து. “மூடியிருக்கிறது!”

“பச்சை இருந்திருந்தால் அதையும் கேட்டிருக்கலாம்.”

“பச்சையா! அது பதில் சொல்வதற்குள் உன் கன்றுக்குக் கொம்பு முளைத்துவிடும்!”

மான் படுத்துப் பார்த்தது. எழுந்து பார்த்தது. ‘இது வெறும் பயம்தானா? கன்றைக் கொண்டுபோய் நாய்களிடம் கொடுத்த பிறகு, மதகு மூடியேதான் இருந்தது என்று தெரிந்தால்?’

அப்போதுதான் அது கவனித்தது. கரையில் சத்தமே இல்லை. நான்கு நாளாகத் தூங்கவிடாத செந்நாய்களின் சீழ்க்கை நின்றுபோயிருந்தது. அந்த அமைதி, நாய்களைவிட அதிகமாக மானை நடுங்க வைத்தது. எதற்குப் பயந்து அவை ஓடின?

“எழுந்திரு! நட!” என்று மான் கன்றை முட்டி எழுப்பியது.

கன்றின் வயிறுவரை நீர் வந்தது. நடு ஆற்றில் அதன் கால் இடறியது. மான் நீரோட்டத்துக்குக் குறுக்கே நின்று, கன்றைத் தன் விலாவில் சாய்த்துக்கொண்டது.

“முட்டாளே! செந்நாய்களுக்கு விருந்து வைக்கப் போகிறாயா?” என்று பின்னாலிருந்து நெடுவாலன் கத்தியது. “இதோ பார், இப்போதும் அரைக் கொத்துதான்!”

கரையின் ஈரமண்ணில் செந்நாய்களின் கால்தடங்கள் கிடந்தன. எல்லாம் மேட்டைப் பார்த்தே போயிருந்தன. வேறு வழியில்லை. அந்தத் தடங்களின் மேலேயே மான் தன் கன்றை நடத்திச் சென்றது.

பாதி மேடு ஏறியபோது, மலையே உருண்டு வருவதுபோல் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் திட்டைக் காணவில்லை. செந்நிற வெள்ளத்தில் மருத மரம் மட்டும் ஆடிக்கொண்டு நின்றது. அதன் உச்சிக் கிளையில் நெடுவாலன் கைப்பேசியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது.

“மூடியிருக்கிறது! மூடியிருக்கிறது!”

மரம் வேரோடு சாயும்வரை அந்தக் குரல் கேட்டது.

மரங்கொத்தி பறந்துவந்து மானின் அருகில் ஒரு கல்லில் உட்கார்ந்தது.

“நான் சரியாகத்தான் எண்ணினேன். எவ்வளவு நேரத்தில் வந்தது என்று கேட்டீர்கள், சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று யாருமே கேட்கவில்லையே!”

“நானும்தான் கேட்கவில்லை” என்றது மான்.

மேட்டுக்கு அப்பால், வெகு தொலைவில், ஒரு சீழ்க்கை எழுந்தது. மான் காதை நிமிர்த்தி, காற்று வரும் திசையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, கன்றை வேறு பக்கம் திருப்பியது.

பதில் எத்தனை விரைவில் வந்தது என்று எண்ணுவதற்கு முன், அது இன்று போய்ப் பார்த்துவந்த பதில்தானா என்று கேட்பவரே பிழைப்பார்.