ராஜசுழிக் குதிரை

வெண்குன்றூர் ராஜா பூபாலசிங்கர் நல்லவர். நல்ல காரியம் செய்ய ரொம்ப ஆசைப்படுவார். அதற்காகக் கஜானாவைத் திறக்கச் சொன்னால் மட்டும் சாவி எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவார். அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் சபையில் கூத்தபிரான் என்ற விகடகவி இருந்தார்.

ஒருநாள் திருமேனி என்ற மாணவன் சபைக்கு வந்தான். அரண்மனை வைத்தியப் பள்ளியில் படிக்கிறவன். முகத்தில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"மகாராஜா, சூரியன் உதித்ததும் முரசு அடித்துப் பள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். நான் ஒரு காதம் நடந்து வரணும். இரண்டு தடவை பிந்திட்டேன். மூன்றாம் தடவையும் பிந்தினால் என் பேரை அடிச்சுடுவாங்களாம்."

"இங்கேயே தங்கிப் படியேன்" என்றார் ராஜா.

"அப்பாவுக்குக் கண் தெரியாது மகாராஜா. சாயங்காலம் நான் போய்த்தான் உலை வைக்கணும். ஒரு குதிரை இருந்தால் போதும். விலைக்கோ வாடகைக்கோ, எதுவானாலும் சரி. அம்மா இல்லை. அவள் விட்டுப்போன தோட்டை விற்ற பணம் பன்னிரண்டு வராகன் இருக்கு. தரகர் மார்த்தாண்டு அறுபது கேட்கிறார்."

ராஜாவுக்கு மனம் இளகிவிட்டது. கை மட்டும் இளகவில்லை.

"கூத்தபிரானே! நாளைக் காலை இவன் குதிரையில்தான் பள்ளிக்கு வர வேண்டும். ஆனால் கஜானாவிலிருந்து ஒரு காசும் வராது. தரகரிடம் விலையைக் குறைக்கச் சொல்லவும் கூடாது. வியாபாரிகளின் விலையில் அரண்மனை தலையிடாது என்று என் தகப்பனார் வாக்குக் கொடுத்திருக்கிறார்."

"இவ்வளவுதானா? நான் ஏதோ கஷ்டமான வேலை என்று பயந்துவிட்டேன்" என்று கூத்தபிரான் எழுந்தார்.

மார்த்தாண்டுவின் லாயத்தில் ஒரு பழுப்புக் குதிரை கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தது.

"தூங்குகிறதோ?" என்றார் கூத்தபிரான்.

"தியானம் பண்ணுதுங்க" என்றார் தரகர்.

கூத்தபிரான் அதன் வாயைத் திறந்து பார்த்தார். "தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இதற்குக் காசு கொடுக்கப்போகிறோமே! வயது என்ன?"

"எட்டு. குட்டியிலிருந்து நம்ம கையிலேயே வளர்ந்ததுங்க. பல்லை விடுங்க சாமி, நெத்தியில் முடி சுழிச்சிருக்கிறதைப் பாருங்க! ராஜசுழி! இதை வச்சிருக்கிறவன் மூணே வருஷத்தில் சிங்காதனம் ஏறுவான். அறுபது வராகன் கொள்ளை மலிவு!"

"எனக்கு சிங்காதனம் வேண்டாம்" என்றான் திருமேனி பரிதாபமாக. "முரசுக்கு முன்னால் பள்ளிக்குப் போனால் போதும். வாடகைக்குக் கிடைக்குமா?"

"மாசம் ஆறு வராகன். வாடகைக்கு எடுத்தாலும் பலன் உண்டு தம்பி. ராஜா ஆக முடியாது. சபையில் ஒரு பதவி நிச்சயம்!"

மாதம் ஆறு என்றால் பன்னிரண்டு வராகன் இரண்டே மாதத்தில் தீர்ந்துவிடும். படிப்போ இன்னும் மூன்று வருடம். திருமேனி கூத்தபிரானைப் பார்த்தான். அவரோ மீசையைத் தடவியபடி, "விலைக்கே வாங்குகிறோம். ஓலை எழுதும்" என்றார்.

வெண்குன்றூரில் ஒரு வழக்கம். குதிரை கைமாறினால் அதன் சுழியையும் சுழியின் பலனையும் ஓலையில் எழுதி, விற்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும். ராஜா படித்து முத்திரை வைத்த பிறகுதான் பணம். அறுபது வராகன் கண்முன்னால் ஆடியதில் மார்த்தாண்டு, சொன்ன பலனை ஒன்றுக்கு இரண்டாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சபையில் ராஜா ஓலையைப் பிரித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது. "'இக்குதிரையை வைத்திருப்பவன் மூன்று வருடத்தில் வெண்குன்றூர்ச் சிங்காதனம் ஏறுவான்.' இதை எழுதியது நீர்தானா?"

"நானேதான் மகாராஜா!" என்றார் தரகர் பெருமையாக.

"எத்தனை வருடமாக இந்தக் குதிரை உம்மிடம் இருக்கிறது?" என்று கூத்தபிரான் கேட்டார்.

"எட்டு வருஷமா என் கையிலேயே..." தரகரின் குரல் பாதியில் நின்றது.

"கேட்டீர்களா அரசே? மூன்று வருடத்தில் ஏறியிருக்க வேண்டியவர். ஐந்து வருடம் பிந்திவிட்டார். இன்னும் எதற்காகக் காத்திருக்கிறார் என்று விசாரியுங்கள்."

ராஜா சிங்காதனத்தின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். காவலர்கள் ஈட்டியைச் சாய்த்தார்கள். மார்த்தாண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஐயோ மகாராஜா! அது சுழியே இல்லை! விளக்கெண்ணெய் தடவி முடியைச் சுருட்டி விட்டேன். ஒரு குடம் தண்ணி ஊத்தினால் போயிடும்!"

"அடடா!" என்றார் கூத்தபிரான். "நான் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். சுழி இல்லாத குதிரை என்ன விலை போகும்?"

"பத்து வராகன்! சேணத்தோடு பத்து!"

புது ஓலை எழுதினார்கள். 'சுழி: ஒன்றுமில்லை. பலன்: பள்ளிக்குப் போய் வரலாம்.' ராஜா சிரித்துக்கொண்டே முத்திரை வைத்தார். பத்து வராகனை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திருமேனி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டான். ராஜாவுக்கும் தாங்கவில்லை. "காசுதானே தரமாட்டேன் என்றேன்? இவன் படித்து முடிக்கும்வரை குதிரைக்குக் கொள்ளு அரண்மனையிலிருந்து போகட்டும்" என்றார்.

மறுநாள் காலை ராஜா மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். முரசு இன்னும் அடிக்கவில்லை. பள்ளி வாசலில் பழுப்புக் குதிரை நின்றபடியே தியானத்தில் இருந்தது.

"அது சரி கூத்தபிரானே, ஒரு சந்தேகம். பையன் வாடகைக்குத்தானே கேட்டான்? அந்தப் பொய்யைக் கேட்டும், விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்று ஏன் நின்றீர்?"

"ஒருவேளை சுழி நிஜமாக இருந்துவிட்டால், அரசே? விலைக்கு வாங்கினால் போவது உங்கள் சிங்காதனம். வாடகைக்கு எடுத்தால் போவது என் பதவி. எனக்கு இருப்பது இந்த ஒரு வேலைதானே!"

ராஜா சிரித்த சிரிப்பில் குதிரையின் தியானம் கலைந்தது.